மாஸ்டருக்குக் கூடிப்போன சம்பளம்

சம்பளப் பகுதியில் வேலை செய்கிறவனை ஆட்கள் இரண்டு சந்தர்ப்பங்களில்தான் தேடி வருவார்கள்: சம்பளம் குறைந்தால் ஒருமுறை, வராமலே போனால் இன்னொருமுறை. கூடினால் ஒருவரும் வரமாட்டார்கள். கூடியதற்காக ஒருவர் பலகாரத்தோடு வந்தார் என்று சொன்னால், இந்தத் தொழிலில் மாரடித்த உங்களில் யாரும் நம்பமாட்டீர்கள். வந்தார். அந்தப் பலகாரத்தை நானும் சாப்பிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ரொறன்ரோவிலுள்ள ஒரு கல்லூரியில் எனக்கு அந்த வேலை. நிலக்கீழ் தளத்தில், யன்னல் இல்லாத கந்தோர். செலவைக் குறைக்கிறோம் என்று மேலே இருந்தவர்கள் கத்தியோடு திரிந்த காலம். எங்களுக்கு ஒரு புதுக் கொம்பியூட்டரைத் தந்துவிட்டு ஆட்களை எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கொம்பியூட்டரில் எல்லாவற்றுக்கும் ஒரு இலக்கம் உண்டு. ஓவர்டைமுக்கு ஒன்று, சுகயீன விடுமுறைக்கு ஒன்று, செத்துப்போனவரின் கடைசிச் சம்பளத்துக்கும் ஒன்று. எங்கள் மேலதிகாரி பமெலா, சின்ன வயதில் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த மனுசி, அந்த இலக்கங்களை மனப்பாடமாக வைத்திருந்தார். வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம் இது: "இலக்கம் இல்லையா? அப்படியானால் அது நடக்கவில்லை."

கையெழுத்து வையாத காசு

யோகன் மாஸ்டர் எங்கள் கல்லூரியின் ஃபுட்போல் கோச். இந்த நாட்டில் ஃபுட்போல் என்றால் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது. எங்களுடையதற்கு சொக்கர் என்று பெயர். காலால் விளையாடுகிறவர்களின் கோச்சுக்குச் சம்பளமும் சொற்பம்தான். அதுவும் செப்ரெம்பரில் தொடங்கி நவம்பரில் பனி விழ நின்றுவிடும். மாஸ்டர் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். இங்கே வந்து பார்க்டேலில் ஒரு அறையில் நாலைந்து பேரோடு படுத்தெழும்பி, கோப்பை கழுவி, பிறகு ஸ்காபரோவில் ஒரு பிளாஸ்ரிக் ஃபக்டறியில் காலை வேலைக்கு வந்து சேர்ந்தவர். ஃபக்டறியில் அவரை எல்லோரும் 'யோகி' என்பார்கள். பின்னேரம் விசிலோடு மைதானத்தில் நிற்கும்போதுதான் அவர் திரும்பவும் மாஸ்டர்.

சம்பளம் நேரே பாங்குக்குப் போய்விடும். என்றாலும் சம்பள வெள்ளிக்கிழமைகளில் மாஸ்டர் எங்கள் கவுண்டருக்கு வந்து நிற்பார். சப்பாத்தில் புல் ஒட்டியிருக்கும். முதல் தரம் வந்தபோது, எங்கே கையெழுத்து வைக்கிறது என்று கேட்டார். ஊரில் சம்பளப் பட்டியலில் முத்திரை ஒட்டி, அதன்மேல் கையெழுத்து வைத்தால்தான் காசு கைக்கு வரும். இங்கே அப்படி ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அவர் சம்பளத் துண்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "கையெழுத்து வையாமல் வாங்கிற காசு கையிலை நிக்காது, தம்பி."

லட்டுப் பெட்டி

அந்த வருடம் மாஸ்டரின் பிள்ளைகள் ஒரு கிண்ணத்தை வென்றார்கள். அதே நாட்களில்தான் ஆமி வருகிறதென்று யாழ்ப்பாணம் முழுவதும் வீடுகளை விட்டு எழும்பி நடந்தது. ஒரு பையோடு நடந்தவர்களில் மாஸ்டரின் அம்மாவும் ஒருவர். கல்லூரிச் சுவரில் மாட்டிய படத்தில் எல்லோரும் கிண்ணத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், மாஸ்டர் மட்டும் வேறெங்கோ பார்க்கிறார்.

சம்பளப் பகுதியில் நாங்கள் பெயர்களை எழுத்து வரிசையில் பிரித்து வைத்திருந்தோம். மாஸ்டருடையது உட்பட வரிசையின் கடைசிப் பெயர்களைப் பார்த்தவர் டொறீன் என்ற பழைய ஆள். பருவகாலத்துக்கு வேலை செய்கிறவர்களின் சம்பளத்தை எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் அவருடைய தலைக்குள் இருந்தது. வேலையை விட்டுப் போவதற்குக் கல்லூரி நீட்டிய தொகையை வாங்கிக்கொண்டு அவர் தலையோடு வீட்டுக்குப் போய்விட்டார். அவருடைய இடத்துக்கு ஒருவரையும் போடவில்லை. பழைய கொம்பியூட்டரில் இருந்த முடிவுத் திகதிகள் புதியதற்கு வந்து சேரவும் இல்லை. ஆகவே நவம்பரில் விளையாட்டு முடிந்தது, மாஸ்டரின் சம்பளம் முடியவில்லை. மைதானம் முழங்கால் பனிக்குள் கிடக்க, அது தன் பாட்டுக்கு அவருடைய பாங்குக்குப் போய்க்கொண்டிருந்தது.

தைப்பொங்கல் முடிந்த கையோடு மாஸ்டர் ஒரு லட்டுப் பெட்டியுடன் கவுண்டருக்கு வந்தார். வேலை 'கொன்பேம்' ஆகிவிட்டதாம். எனக்கு ஒன்றும் தெரியாது. விளையாட்டுப் பகுதியில் ஏதோ ஏற்பாடு செய்திருப்பார்கள் என்று நினைத்து, கைகொடுத்து வாழ்த்தினேன். பமெலா ஒரு லட்டுச் சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்டு வாங்கினார். யார் உங்களுக்குச் சொன்னது என்று கேட்டேன். மாஸ்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஊரில் தற்காலிக ஆசிரியருக்குப் பள்ளிக்கூட விடுமுறையில் சம்பளம் கிடையாது, நிரந்தரமானவருக்கு உண்டு. அதை ஒருவரும் வந்து சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். "லீவுக்கும் சம்பளம் வருகுதெண்டால் என்ன அர்த்தம்? நிரந்தரமாக்கிப்போட்டினம். இதைப் போய்க் கேட்டு அவையைச் சங்கடப்படுத்தக்கூடாது, தம்பி."

அம்மாவுக்கு ஒரு கடிதம்

ஏப்ரலில் மாஸ்டர் ஒரு கடிதம் கேட்டு வந்தார். அம்மா ஒருவழியாகக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருக்கிறா. வடக்கிலிருந்து வந்தவர்கள் பொலிஸில் பதிய வேண்டும், பதிந்த துண்டை எந்த நேரமும் கையில் வைத்திருக்க வேண்டும், கதவில் தட்டுக் கேட்டால் அந்தத் துண்டோடு எழும்பி ஓட வேண்டும். கனடாவுக்கு அழைப்பதென்றால் அழைக்கிற பிள்ளைக்கு இவ்வளவு வருமானம் இருக்க வேண்டும் என்று குடிவரவுக் கந்தோரில் ஒரு கோடு கீறி வைத்திருந்தார்கள். ஃபக்டறிச் சம்பளம் மட்டும் அந்தக் கோட்டைத் தொடாது. கல்லூரிச் சம்பளம் வருடம் முழுவதும் சேர்ந்தால் தாண்டிவிடும். வேலை நிரந்தரம் என்று கல்லூரி ஒரு கடிதம் தந்தால் போதும்.

எங்கள் ஆளுக்கு ஒரு நல்லது என்று நானும் உற்சாகமாகத்தான் அந்தக் கடிதத்தை அடித்தேன். சம்பளத் தொகையைக் கொம்பியூட்டரில் பார்த்து எழுதினேன். பேனையோடு கொண்டுபோய்ப் பமெலாவின் முன்னால் வைத்தேன். அவர் வழக்கம்போல வாசிக்காமல் கையெழுத்து வைத்திருக்கலாம். அன்றைக்கென்று வாசித்தார். பேனை பாதியில் நின்றது. "சொக்கர் கோச்சுக்கு ஏப்ரலில் ஏன் சம்பளம் போகிறது? வெளியே புல்லே இன்னும் முளைக்கவில்லையே?"

மேல்மாடிக் கூட்டம்

மாஸ்டரை மேலே கூப்பிட்டார்கள். பமெலா இருந்தார். மாஸ்டரை வேலைக்கு எடுத்த விளையாட்டுப் பொறுப்பாளர் டேவ் இருந்தார். சம்பள விபரத்தைக் காட்டுவதற்காக நானும் போயிருந்தேன். ஃபக்டறி உடுப்போடு வரக்கூடாது என்று மாஸ்டர் கோட் போட்டு வந்திருந்தார். கடிதம் தயார், அதைத் தரத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து வந்தவர் அவர். அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்கு எழும்பி ஓட வேண்டும் போலிருந்தது.

பமெலா பிழை எங்களுடையது என்றுதான் தொடங்கினார். அதை நேர்மையாகவே சொன்னார். ஆனால் காசு திரும்பி வர வேண்டும். டேவ் நல்ல மனிதர், மேசையைப் பார்த்தபடியே கேட்டார், குளிர்காலம் முழுக்கச் சம்பளம் வந்தபோது ஏதோ சரியில்லை என்று ஒருதரமாவது தோன்றவில்லையா என்று. மாஸ்டர் திருத்தமான இங்கிலீஷில் பதில் சொன்னார். பள்ளிக்கூடம், விடுமுறைச் சம்பளம், நிரந்தரம், கிண்ணம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர்கள் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலில் நம்பிக்கை இல்லை என்பது எனக்கே தெரிந்தது, அவருக்குத் தெரியாதா? அவ்வளவு நேரமும் இங்கிலீஷில் கதைத்த மனிதர் சட்டென்று என் பக்கம் திரும்பினார்: "நான் களவெடுக்கேல்லை எண்டதை இவைக்கு எப்பிடித் தம்பி சொல்லுறது?"

வராத காசு

இந்தத் தொழிலில் இருக்கிற உங்களுக்கு அடுத்தது என்ன என்று தெரியும். வெளியே இருக்கிறவருக்குச் சொன்னால் பகிடி விடுகிறோம் என்று நினைப்பார். கூடக் கொடுத்த சம்பளத்தைத் திருப்பி எடுக்கும்போது, கைக்குப் போன காசை மட்டும் கேட்க முடியாது. வரிக்கென்று பிடித்ததையும் சேர்த்து முழுத்தொகையும் கேட்க வேண்டும். வரியை அவர் பிறகு வரிக் கந்தோரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எப்போது? அது வரிக் கந்தோரின் வசதி.

இதை மாஸ்டருக்கு விளங்கப்படுத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது, தமிழன் என்பதால். கல்லூரிக்கு எதிரே இருந்த டோனற் கடையில் இருவரும் இருந்தோம். வந்த காசு கையில் இல்லை, லொட்ஜ் வாடகைக்கும் அம்மாவின் மருந்துக்கும் மாதாமாதம் போய்விட்டது. இனி வரும் சீசன்களின் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிப்பதற்குப் பமெலாவைச் சம்மதிக்க வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். நான் செய்த பெரிய உதவி அதுதான். ஒரு கடுதாசித் துவாயில் கணக்கை எழுதிக் காட்டினேன். அவர் தேத்தண்ணியைத் தொடவில்லை. "பிழைவிட்டது நீங்கள், வரி பிடிச்சது அரசாங்கம். என்ரை கண்ணிலையே படாத காசையும் நானோ திருப்பித் தாறது?"

பெரியவரின் கார்

அதே புதுக் கொம்பியூட்டர் இன்னொருவருக்கும் வாரி வழங்கியிருந்தது. மேல்மாடியில் இருந்த ஒரு உதவித் தலைவருக்குக் காருக்கென்று கொடுக்கும் படி, அந்த வருடம் இரட்டிப்பாகப் போயிருந்தது. மாஸ்டரின் தொகையை விட அது பெரிது. அதைக் கண்டுபிடித்ததும் எனக்கு ஒரு கெட்ட சந்தோசம் வந்தது. பமெலாவிடம் ஓடிப்போய்க் காட்டினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அந்தத் தாளை மடித்து மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினார். எப்போது கேட்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். என்னைவிட அவருக்குத்தான் அந்த இடத்தில் வெட்கமாக இருந்திருக்க வேண்டும். "அவரிடம் போய்க் கேட்கிற அளவுக்கு எனக்குச் சம்பளம் தருவதில்லை."

இரண்டாவது கடிதம்

கடிதம் கடைசியில் கொடுக்கப்பட்டது. 'பகுதிநேரம், பருவகாலத்துக்கு மட்டும்' என்று அதில் இருந்தது. அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடலாமே என்று பமெலாவிடம் கெஞ்சினேன். உண்மையைத்தான் எழுத முடியும் என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை, அதுதான் எரிச்சலாக இருந்தது. அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு விண்ணப்பித்துப் பிரயோசனமில்லை, வருமானம் காணாது, அதைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று குடிவரவுக் கந்தோரில் சொல்லிவிட்டார்கள்.

மாஸ்டர் கூட்டத் தொடங்கினார். ஃபக்டறி, மைதானம், சனி ஞாயிறில் ஒரு கட்டடத்தில் காவல் வேலை. மட்ச் உள்ள சனிக்கிழமைகளில் விளையாட்டு முடிய உடுப்பை மாற்றிக்கொண்டு ஓடுவார். கல்லூரிச் சம்பளத்தில் நாங்கள் கழித்துக்கொண்டிருந்தோம், அவர் மற்ற இரண்டிலும் கூட்டிக்கொண்டிருந்தார். பயிற்சி நேரத்தில் மைதானத்து வாங்கில் இருந்தபடி நித்திரையாகிவிடுவார் என்றும், பிள்ளைகள் அவரை எழுப்பாமல் தாங்களே ஓடிப் பழகுவார்கள் என்றும் டேவ் சொன்னார். அம்மாவுக்கு என்ன சொன்னீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "விசாக் கந்தோர் பிந்துது எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். மகனுக்குக் கல்லூரியிலை நிரந்தர உத்தியோகம் எண்டு அவ லொட்ஜ் முழுக்கச் சொல்லிப்போட்டா, தம்பி. இனி அதை நான் பொய்யாக்கேலாது."

சனிக்கிழமை மட்ச்

கழிவு தொடங்கிய பிறகு இரண்டாவது சீசன். அன்று சம்பள வெள்ளிக்கிழமை அல்ல. ஆனாலும் மாஸ்டர் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றார். தாடி வளர்ந்திருந்தது. பக்கத்தில் பேராசிரியர் ஒருவர் ஏதோ படி குறைந்துவிட்டதென்று முறையிட்டுக்கொண்டிருந்தார். அவர் முடிக்கும் வரை மாஸ்டர் ஒதுங்கி நின்றார். பிறகு கிட்ட வந்து, அம்மா போய்விட்டா என்றார். லொட்ஜிலேயே, காய்ச்சலோடு. பக்கத்து அறைக்காரர்கள்தான் கொண்டுபோய்க் கனத்தை மயானத்தில் எரித்தார்கள். தகவல் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

எங்கள் கொம்பியூட்டரில் துக்க விடுமுறைக்கு ஒரு இலக்கம் உண்டு, சம்பளத்தோடு. பருவகால ஆட்களுக்கு அது இல்லை. அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறாரோ, இல்லை என்று சொல்ல வேண்டி வருமோ என்று ஒரு கணம் பயந்தேன். எனக்கு முதலில் வந்தது அந்தப் பயம்தான். அழுகை வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்தான் வந்தது. மாஸ்டர் ஒன்றும் கேட்கவில்லை. "சனிக்கிழமை மட்ச்சுக்கு வரமாட்டன். அந்தச் சம்பளத்தை இப்பவே கழிச்சுப்போடும். பிறகு கூடத் தந்திட்டம் எண்டு சொல்லாதேங்கோ."

கடைசிக் கழிவு

அந்த நவம்பரோடு மாஸ்டரின் கடன் தீர்ந்தது. தீர்ந்தது என்பது கொம்பியூட்டருக்குத் தெரியவில்லை. சீசனின் கடைசிச் சம்பளத்திலும் ஒரு கழிவைப் போட்டுவிட்டது. இப்போது கல்லூரிதான் மாஸ்டருக்குக் கடன். பமெலா தானே செக் எழுதினார், அதோடு ஒரு மன்னிப்புக் குறிப்பும் எழுதினார். அதையும், வருட வருமானத்தைக் காட்டுகிற ரீ-ஃபோர் துண்டையும் எடுத்துக்கொண்டு பெப்ரவரியில் உள்மைதானத்துக்குப் போனேன். வெளியே பனி. மாஸ்டர் குளிர்காலத்தில் சம்பளமில்லாமல் பழக்குகிற பிள்ளைகள் பந்தை உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

மாஸ்டர் முதலில் ரீ-ஃபோரைத்தான் பார்த்தார். ஜக்கெற் பைக்குள்ளிருந்து ஃபக்டறியின் துண்டையும் காவல் வேலையின் துண்டையும் எடுத்தார். பழைய வரியை வரிக் கந்தோர் திருப்பித் தந்தபோது வந்த கடிதமும் அதற்குள் இருந்தது. அந்தக் காசு அம்மாவின் அந்தியேட்டிக் கிரியை முடிந்த பிறகுதான் வந்ததாம். மூன்று துண்டுகளையும் முழங்காலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உதடு அசையக் கூட்டினார். "இந்த வருஷம் காணும் போலை," என்றார், எனக்குச் சொல்லுவது போலவும் இல்லை. நானும் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். அம்மாவை அழைக்கக் கேட்ட கோட்டைத் தாண்டி மிச்சமும் இருந்தது. செக்கை நீட்டினேன்.

அவர் அதை வாங்கவில்லை. எழும்பி, விசிலை வாயில் வைத்தார், பிறகு எடுத்தார். "அதை அவையே வைச்சிருக்கட்டும், தம்பி. அடுத்தமுறை பிழைவிடேக்கை அதிலை கழிச்சுக்கொள்ளச் சொல்லும்."

எங்கள் கொம்பியூட்டரில் கூடக் கொடுத்ததற்கு ஒரு இலக்கம் உண்டு, குறையக் கொடுத்ததற்கும் உண்டு; பிந்திக் கொடுத்ததற்கு மட்டும் இல்லாததால், பமெலாவின் பாடத்தின்படி இதெல்லாம் நடக்கவே இல்லை.